பாத்திரம் கழுவி முடிய முன்னமே பசிக்கிறது, மிஸ்!

இந்த முறை கர்ப்பகாலப் பசி. உப்புவெளியிலிருந்து வந்த ஒரு நீளமான கடிதத்தைப் படித்த பிறகு, அதோடு ஒட்டிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். தலைமுடி உதிர்வு பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம்.

எனக்கு 29 வயது. வயிற்றில் இரண்டாவது பிள்ளை, இப்போது 20 கிழமை. பிள்ளை தங்க முன் 82 கிலோ இருந்தேன், உயரம் 158 சென்ரிமீற்றர். காலையில் பத்து இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவி முடிய முன்னமே பசிக்கிறது. மாமி, "பிள்ளை கேட்குது, ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறா. கணவர் பார்த்துச் சிரிக்கிறார். போனில் தேடிப் பார்த்தேன், உடம்பில் கொழுப்புக் கூடினால் பசியை அடக்குகிற லெப்டின் என்ற ஹோர்மோனும் கூடுமாம். அப்படியென்றால் எனக்குப் பசியே வரக்கூடாதே? நான் என்ன பெருந்தீனிக்காரியா, மிஸ்? (வாசகி, உப்புவெளி)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. 31 வருஷம் கிளினிக்கில் கர்ப்பிணிகளின் அட்டை எழுதியவள் சொல்கிறேன், பசியை மறைக்கிற பிள்ளைத்தாச்சிகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். கொஞ்சம் பருமனான பிள்ளைகள் கிளினிக் நாளில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து தராசில் ஏறுவார்கள், இறங்கிய கையோடு வாசலில் நிற்கிற கடலை வண்டிக்குப் போவார்கள்.

மற்றபடி, நீங்கள் கேட்டது ஆராய்ச்சி செய்தவர்களே முட்டிக்கொண்டு நின்ற கேள்வி. 1994ல் அமெரிக்காவில், ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதாகிப் பிறந்த எலி நிறுத்தாமல் தின்று பந்து மாதிரி உருண்டுபோகும். பழுதில்லாத உடம்பில் அந்த மரபணு கொழுப்புக் கலங்களுக்குள் ஒரு ஹோர்மோனைச் செய்கிறது, அது இரத்தத்தோடு மூளைக்குப் போய் "சேமிப்பு இருக்கு, போதும்" என்று சொல்கிறது. மெலிவைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். பழுதான எலிக்கு அதை ஊசியில் ஏற்ற, எலி மெலிந்தது. சரி, பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பருமனான மனிதருக்கு ஏற்றிப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால், நீங்கள் போனில் படித்தது போலவே, அவர்கள் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது. மூளைதான் காதில் வாங்கவில்லை.

நம்மூரில் கடற்கரையோரம் வீடு உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், அலைச்சத்தம் அவர்களுக்குக் கேட்பதேயில்லை. விருந்துக்கு வந்தவர்தான் இரவு முழுக்கப் புரண்டு படுப்பார். லெப்டினும் அப்படித்தான், வருஷக்கணக்காகக் கூடுதலாக இருந்தால் மூளைக்கு அது பழகிப்போகிறது.

இதற்கு மேல் இப்போது கர்ப்பம். கர்ப்பத்தில் கொழுப்பு மட்டுமல்ல, சூல்வித்தகமும் (நச்சுக்கொடி, பிளசென்டா) லெப்டினைச் செய்கிறது. அதனால் மெலிந்தவளோ பருமனானவளோ, எல்லாருக்கும் அளவு ஏறும், ஏழாம் மாதத்தை ஒட்டி உச்சிக்குப் போகும். கணக்குப்படி பார்த்தால் ஏழாம் மாதத்தில் ஒருத்திக்கும் சோறு இறங்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில்தான் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்! நியூசிலாந்தில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சினைப்பட்ட எலிகளின் மூளைக்கே நேராக லெப்டினைச் செலுத்திப் பார்த்தார்கள், அவை தீனியைக் குறைக்கவில்லை. கர்ப்பத்தில் உடம்பு வேண்டுமென்றே காதைப் பொத்திக்கொள்கிறது. பிள்ளை வளர வேண்டும், பிறகு பால் கொடுக்கவும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு செவிட்டுத்தனம். ஒன்று கர்ப்பத்துக்கு முன்பே கூட வந்தது, மற்றது கர்ப்பம் கொண்டுவந்தது. கர்ப்பத்துக்கு முந்திய நிறையை வைத்துத் தாய்மாரைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: பருமனானவர்களுக்கு லெப்டின் தொடக்கத்திலேயே உயரத்தில் இருக்கும், கடைசி மாதம் வரை மற்றவர்களைவிட உயரத்திலேயே இருக்கும், ஆனால் அவர்களுக்குள் அது ஏறுகிற ஏற்றம் சிறியது. மெலிந்தவர்களுக்குத் தாழ்விலிருந்து தொடங்கிக் கூடுதலாக ஏறும்.

லெப்டினுக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கிறது, கிரெலின். 1999ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இரைப்பை செய்கிற ஹோர்மோன், சாப்பாட்டு நேரத்துக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். பருமனானவர்களுக்கு வெறும் வயிற்றில் இது குறைவாகத்தான் இருக்கும், அதைப் படித்தாலும் "அப்ப ஏன் பசிக்குது" என்று எழுதுவீர்கள். சிக்கல் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. மெலிந்தவருக்குச் சாப்பிட்ட பிறகு கிரெலின் சரசரவென்று இறங்கும், பருமனானவருக்குச் சாப்பிட்டாலும் அது சரியாக இறங்குவதில்லை. பாத்திரம் கழுவுகிற நேரத்துப் பசி இந்தப் படத்தோடு பொருந்துகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் ஹோர்மோன் தலையில் போட்டுவிட்டுப் போக நான் விடமாட்டேன். பத்து இடியப்பம் என்கிறீர்கள், அதோடு என்ன? சொதியும் சம்பலும் என்று நானே ஊகிக்கிறேன். மாவு, தேங்காய்ப்பால், திரும்பவும் தேங்காய். இந்தச் சாப்பாட்டில் பசியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் சூல்வித்தகம் விடுகிற ஹோர்மோன்களால், இரத்தச் சீனியை இறக்குகிற இன்சுலின் முன்னைப் போல வேலை செய்யாது, முன்பே நிறை கூடியவர்களுக்கு இன்னும் குறைவாகச் செய்யும். மாவு மட்டும் போனால் சீனி சட்டென்று ஏறும், அப்புறம் இறங்குகிற நேரத்தில் கை தானாக விசுக்கோத்துப் பேணிக்குப் போகும். இடியப்பத்தை ஐந்தாக்குங்கள், முடிந்தால் குரக்கன் மாவிலோ சிவப்பரிசி மாவிலோ அவியுங்கள், ஒரு முட்டையும் கெட்டியான பருப்புக் கறியும் வையுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் சூடை மீன் குழம்பு. நெத்தலி, சூடை, சாளை எல்லாம் நம் கரையில் மலிவான மீன்கள், புரதமும் இருக்கிறது, பெரிய மீன் மாதிரிப் பாதரசப் பயமும் இல்லை. சுறாவை மட்டும் பிள்ளை பிறக்கும் வரை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கரண்டி சீனி என்பதை எழுதவில்லை, அதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நித்திரையும் முக்கியம். நித்திரை குறைந்த இரவுக்கு அடுத்த நாள் லெப்டின் இறங்கிக் கிரெலின் ஏறுவதைக் கர்ப்பம் இல்லாதவர்களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இரவு பதினொன்று வரை நாடகம் பார்க்கிற பழக்கம் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமிக்கு ஒரு கணக்கு. முதல் மூன்று மாதத்தில் பிள்ளைக்கென்று கூடுதலாகச் சாப்பிட ஏறக்குறைய ஒன்றும் தேவையில்லை. நடு மூன்று மாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மூன்றில் 450 அளவில். 340 என்றால் ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு பெரிய கோப்பை பால், அவ்வளவுதான். இன்னொரு ஆளின் சோற்றுக்கோப்பை இல்லை. அன்பில்தான் சொல்கிறா, நேராக எதிர்த்துப் பேசாதீர்கள், சோற்றுக்குப் பதில் மீன் துண்டு ஒன்றைக் கூடப் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கென்று சொன்னால் போடுவா.

உங்கள் நிறையையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால் உடற்திணிவுச் சுட்டி (BMI, நிறையை உயரத்தோடு ஒப்பிடுகிற எண்) 33க்குக் கிட்ட வருகிறது. 30க்கு மேல் உள்ளவர்கள் கர்ப்பம் முழுவதற்கும் 5 முதல் 9 கிலோ வரை ஏறினால் போதும் என்பது 2009ல் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு கொடுத்த அளவு. ஏறினால் போதும் என்றுதான் சொன்னேன், இறக்கச் சொல்லவில்லை. பட்டினி கிடந்து நிறை குறைக்கிற காலம் இது அல்ல. 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமையில் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சீனி பார்ப்பார்கள், அதை எந்தச் சாட்டுச் சொல்லியும் தவறவிட வேண்டாம்.

ஒரு விஷயம், எனக்கே வெட்கமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தம்பலகாமம் பக்கம் ஒரு தாயைப் பார்த்து, வரிசையில் எல்லாரும் இருக்க, "வாயைக் கட்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவள் இரண்டு மாதம் கிளினிக்குக்கு வரவில்லை. சைக்கிளில் வீடு தேடிப் போனபோது கால் வீங்கி, பிரஷர் ஏறியிருந்தது. அன்றைக்குப் பிறகு தராசில் நிற்கிற யாரிடமும் வாயைப் பற்றிப் பேசினதில்லை. உங்கள் கணவரும் சிரிப்பதை நிறுத்தினால் நல்லது.

எனக்கு 24 வயது. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 41 கிலோ. மூன்று மாதம் முடியப் போகிறது. சோறு வடிக்கிற மணம் வந்தாலே சத்தி. பசி என்பதே இல்லை. எனக்குப் பசி ஹோர்மோன் சுரக்கவில்லையோ? (வாசகி, மூதூர்)

சுரக்கிறது, தங்கச்சி. மெலிந்த உடம்பில் கிரெலின் பொதுவாகக் கூடத்தான் இருக்கும், லெப்டின் குறைவாக இருக்கும். பசிக்கச் சொல்லுகிற பக்கம் உங்களுக்குப் பலமாகத்தான் இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பது குமட்டல்.

குமட்டலுக்குக் காரணம் மனப்பிராந்தி, புருஷன் மேல் கோபம் என்று ஊரில் என்னென்னவோ சொல்வார்கள். சூல்வித்தகத்திலிருந்து ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹோர்மோன் தாயின் இரத்தத்துக்கு வருகிறது, மூளையின் அடிப்பகுதியில் சத்தியைத் தூண்டுவது அதுதான் என்று 2023 கடைசியில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹோர்மோன் யாருக்குக் குறைவாக இருந்ததோ அவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது, பழக்கமில்லாத உடம்பு என்பதால். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள பெண்களுக்கு அது எப்போதும் கூடுதலாக இருக்கும், அவர்களுக்குக் கர்ப்பத்தில் சத்தி மிகக் குறைவு. அதனால் யாராவது "எல்லாம் நடிப்பு" என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

சூடான சோறுதான் மணக்கும், ஆறிய சாப்பாடு அவ்வளவு மணக்காது. பழஞ்சோற்றில் தயிர் விட்டுப் பாருங்கள், தயிருக்கு உங்கள் பக்கத்தில் என்ன குறை. எழும்புவதற்கு முன் படுக்கையிலேயே இரண்டு கிரீம் கிராக்கர், அரை மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர்கூட நிற்கவில்லை, சலம் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சேலைன் ஏற்ற வேண்டி வரும்.

உங்கள் உடற்திணிவுச் சுட்டி 17தான். உங்களைப் போல 18.5க்குக் கீழே இருப்பவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், உப்புவெளிக்காரியைப் போல இரண்டு மடங்கு. ஏறாவிட்டால் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கிற சாத்தியம் கூடும். நாலாம் ஐந்தாம் மாதத்தில் அநேகமாகக் குமட்டல் இறங்கும், அடைபட்டிருந்த பசி அப்போது வெளியே வரும். அப்போது "இவ்வளவு சாப்பிடுறியே" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மிட்வைஃப் தருகிற திரிபோஷாச் சத்துமாவை மூத்த அக்காவின் பிள்ளைகள் உருண்டை பிடித்துத் தின்று முடிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அது உங்களுக்கு.

மனைவிக்கு ஐந்து மாதம். லெப்டின், கிரெலின் இரண்டையும் தனியார் ஆய்வுகூடத்தில் பார்க்கலாமா? எவ்வளவு முடியும்? (வாசகர், தம்பலகாமம்)

பார்க்க வேண்டாம், தம்பி. ஆராய்ச்சிக்குப் பயன்படுகிற அளவைகள் அவை. கர்ப்பிணிக்கு இவ்வளவு இருந்தால் சரி என்று வைத்து வைத்தியம் செய்ய அளவு எதுவும் கிடையாது. சாப்பிட முன் எடுத்தால் ஒரு எண், சாப்பிட்ட பின் இன்னொரு எண், ஐந்தாம் மாதத்தில் ஒன்று, எட்டில் வேறொன்று. றிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. முதல் 12 கிழமைக்குள் எடுத்த நிறையும் உயரமும் அட்டையில் இருக்கும், அந்த இரண்டு எண்ணே அதைவிடக் கூடச் சொல்லும். பிறகு சீனிப் பரிசோதனை: 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க முன் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 மில்லிகிராம் (ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில்). இதில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவு. கிளினிக்கில் காசும் இல்லை.

பச்சை அரிசியும் அடுப்புச் சாம்பலும் தின்ன ஆசையாக இருக்கிறது. ஆறு மாதம். இதுவும் ஹோர்மோனா? (வாசகி, சாம்பல்தீவு)

ஊர்ப் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இது லெப்டின் கதை இல்லை. அரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி என்று கேட்கிறவர்களுக்கு அநேகமாக இரும்புச்சத்து குறைவாக இருக்கும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், இந்த ஆசையையும் மறைக்காமல் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண், தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள்.

முதல் பிள்ளைக்கு இரண்டு வயது. அந்தக் கர்ப்பத்தில் 20 கிலோ ஏறினேன், இறங்கவேயில்லை, இப்போது 76 கிலோ. அடுத்த பிள்ளைக்கு முன் குறைக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 15 கிலோ குறைத்ததாக ஒரு அக்கா வீடியோ போட்டிருக்கிறா, வெறும் சூப்தான் குடித்தாவாம். செய்யலாமா? (வாசகி, நிலாவெளி)

குறைக்க நினைப்பது நல்லது. சூப் வேண்டாம்.

பிள்ளை பிறந்து சூல்வித்தகம் வெளியே வந்ததும் அது செய்த லெப்டினும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆனால் உங்கள் சொந்தக் கொழுப்பு செய்கிறது அப்படியே நிற்கும், அடுத்த கர்ப்பம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். முதல் கர்ப்பத்தில் ஏறி இறங்காத நிறை அடுத்த கர்ப்பத்துக்கு "முந்திய நிறை" ஆகிவிடுகிறது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிளினிக்கில் மூன்றாவது பிள்ளைக்கு வருகிற தாய்மாரின் மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

வேகமாகக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள், 2011ல் வெளிவந்த ஆய்வு. பருமனான 50 பேருக்குப் பத்துக் கிழமை மிகக் குறைந்த சாப்பாடு. நிறை இறங்கியது, லெப்டினும் சரிந்தது, கிரெலின் ஏறியது, பசி கூடியது. ஒரு வருஷம் கழித்துத் திரும்ப அளந்தபோதும் அந்த ஹோர்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. உடம்பு தொலைத்ததைத் தேடிக்கொண்டேயிருக்கிறது. சூப் குடித்த கையோடு பிள்ளை தங்கினால், அந்தப் பசியோடு கர்ப்பப் பசியும் சேர்ந்துகொள்ளும், சத்தும் வற்றிப்போயிருக்கும். வீடியோ போட்ட அக்கா ஒரு வருஷம் கழித்து இன்னொரு வீடியோ போடுகிறாவா என்று பாருங்கள்.

மெதுவாகச் செய்யுங்கள். 76 கிலோவில் நாலைந்து கிலோ குறைந்தாலே இன்சுலின் வேலை செய்வது திருந்தும், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதுவும் அநேகமாகச் சீராகும். ஆறு மாதம் எடுக்கட்டும். மாலையில் கடற்கரை மணலில் நாற்பது நிமிஷம் நடங்கள், நிலாவெளியில் இருந்துகொண்டு நடக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. இரவுச் சோற்றைப் பாதியாக்கி மற்றப் பாதிக்குக் கீரையும் பயறும். எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்கு உடற்திணிவுச் சுட்டி 23 தாண்டும்போதே நீரிழிவு ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004ல் சொன்னது, அதனால் "25க்குக் கீழேதானே" என்று இருந்துவிட முடியாது. உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை.

இன்னும் ஒன்று, பிள்ளைக்கு முயற்சி செய்யத் தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள், போகும்போது முதல் பிள்ளையின் அட்டையையும் கொண்டு போங்கள். அதில் முதல் மாதத்து நிறையும் கடைசி மாதத்து நிறையும் இருக்கும், சீனி பார்த்த எண்ணும் இருக்கும். அலுமாரியில் கல்யாண அல்பத்துக்கு அடியில் தேடுங்கள், எல்லார் வீட்டிலும் அங்கேதான் கிடக்கும்.